மப்பு

இக்னேஷியஸ் ஆயுளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷனைக் குடிகாரன் என்று கிரேனிலிருந்து இறக்கிவிட்டது ஒரே ஒரு சொல்.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் அவர் கிரேன் ஆபரேட்டர். கிரேன் கேபினில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாலே அவருக்கு உலகம் கிர்ரென்று சுற்றியது. பயந்துபோய் இறங்கிவந்து, "தல ஒரே மப்பா கீது சார்" என்றார் மேனேஜர் சுடலைராஜிடம். ராயபுரத்தில் இக்னேஷியஸ் வீட்டில் தலைச்சுற்றலுக்கு அதுதான் பேச்சு. தெற்கத்திக்காரரான சுடலைராஜுக்கோ, சென்னைக்காரன் மப்பு என்றால் டாஸ்மாக் சமாசாரம். ஊதச் சொல்லிக்கூடப் பார்க்காமல், கேட்டில் லாரிகளுக்கு டோக்கன் கொடுக்கப் போட்டுவிட்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். லாரிக்காரர்கள், "இன்னா நைனா, எறங்கிடுச்சா?" என்று கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

மனைவி பிலோமி அவரை ஜூடியிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஜூடி பிசியோதெரபிஸ்ட். அதிலும் முட்டிவலி, இடுப்புவலிப் பக்கமே போகாமல் தலைச்சுற்றலுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிறவள். அவரைச் சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்துக் கண்ணையே பார்த்தாள். கருவிழி துடித்தது. "காதுக்குள்ள இருக்கிற துகள் இடம் மாறிப் போயிருக்குண்ணா" என்றவள், தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, புரட்டி உட்காரவைத்தாள். சுற்றல் போயே போச்சு. மாத்திரையில்லை, ஊசியில்லை. என்ன கை அது!

திரும்பக் கிரேன் கேட்டுப் போனபோது சுடலைராஜ் மட்டும் மசியவில்லை. "காது சரியாப் போச்சு, சரி. வாய்?" என்றார்.

அதைக் கேட்டு ஜூடிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தலைச்சுற்றலை வடசென்னை ஜனங்கள் என்னென்ன சொல்லில் சொல்கிறார்கள், அது புரியாததால் என்னென்ன விபரீதம் நடக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினாள். தலைச்சுற்றல் வைத்தியத்துக்கென்றே வரும் வெளிநாட்டு ஜர்னல் ஒன்றுக்கு அனுப்பினாள். இக்னேஷியஸிடம் சம்மதம் வாங்கி, பெயர் போடாமல் அவர் கதையையும் சேர்த்திருந்தாள். 'மப்பு' வேண்டாம், எல்லாருக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல்லையே போடுங்கள் என்றது ஜர்னல். "அந்தச் சொல்ல எடுத்தா கட்டுரையே இல்ல" என்று மல்லுக்கு நின்றாள். கடைசியில் இறங்கிவந்தது அவர்கள்தான். தலைப்பிலேயே போட்டார்கள்.

ஜர்னல் வந்ததும் அவளே இக்னேஷியஸைக் கூட்டிக்கொண்டு யார்டுக்குப் போனாள். சுடலைராஜ் பக்கத்தைப் புரட்டினார். கொட்டை எழுத்தில், இங்கிலீஷில், மப்பு! இக்னேஷியஸுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது.

"சார், உங்க ஊர்ல மழைக்கு முன்னாடி வானம் இருட்டிட்டு வந்தா என்ன சொல்வீங்க?" என்று கேட்டாள் ஜூடி.

"மப்பு போட்டிருக்குன்னு..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"வானம் குடிச்சிருக்கா சார்?"

சுடலைராஜ் கெட்டவர் இல்லை. முகம் தொங்கிப்போனது. "நாளையிலேர்ந்து கிரேன்ல ஏறும்யா" என்றார். ஆனாலும் மனசு ஆறாமல், "இத அன்னைக்கே எங்கிட்டத் தெளிவாச் சொல்லியிருக்கலாமேய்யா?" என்றார்.

"அன்னிக்கும் இதே வார்த்தையத்தான் சார் சொன்னேன்" என்றார் இக்னேஷியஸ்.