தடை ஏதுமில்லை

அனுபமாவின் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்கும் குறை. எங்கோ வெளிநாட்டில் இருக்கும் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் பழைய புரோகிராம் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது படுப்பதும் இல்லை. ஹைதராபாத் குகட்பள்ளி ஃபிளாட்டில் சாப்பாட்டு மேசைமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அது படுக்கவில்லை என்பதை நாள் முழுக்கத் தனியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

காலையானால் டீம் குரூப்பில் ஆளுக்கொரு வரி போட வேண்டும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன, ஏதாவது தடை உண்டா. அவள் வரி மாறியதே இல்லை: 'நேற்றைய வேலையே இன்றும். தடை ஏதுமில்லை.' இதைப் போய் தினமும் தட்டுவானேன் என்று ஒருநாள் எரிச்சலில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி, அந்த வரி கம்பெனி சர்வரிலிருந்து தானே போய் விழும்படி செய்துவிட்டாள். அந்த வேலையில் சேர்ந்த பிறகு அவள் ஆசையாக எழுதியது அது ஒன்றுதான். டீம் லீட் விஸ்வநாத் வரியின் கீழே ஒரு கட்டைவிரல் எமோஜியை வைப்பார். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

இப்படி இருக்கையில்தான் பாலாநகரிலிருந்து ஒரு வேலை வந்தது. மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் மிஷின் செய்கிற சின்ன ஷெட். மிஷினுக்குள் ஓடும் புரோகிராமை எழுத ஆள் வேண்டும், தினமும் நேரில் வர வேண்டும். அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் கரூரிலிருந்து அம்மா, பெரிய கம்பெனியை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போகிறேன் என்கிறாயே, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் நான் என்ன சொல்வது என்று கேட்டுவிட்டாள். ஷெட்டின் முதலாளி டேனியலிடம், யோசித்துச் சொல்கிறேன் என்றாள் அனுபமா. யோசிக்க யோசிக்க, இந்த டீமில் தெரிந்த மனுஷர்களாவது இருக்கிறார்களே என்றும் தோன்றியது.

அதற்குள் காய்ச்சல் வந்து அவளே படுத்துவிட்டாள். லேப்டாப்பைத் திறக்கவும் தெம்பில்லை. லீவுகூடச் சொல்லவில்லையே, விஸ்வநாத்தாவது கூப்பிட்டுச் சத்தம் போடுவார் என்று போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு கிடந்தாள். பக்கத்து ஃபிளாட்டில் குக்கர் விசில் அடித்ததுதான் கேட்டது. போன் அடிக்கவில்லை.

காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதும் எழுந்து குரூப்பைப் பார்த்தாள். அவள் படுத்துக் கிடந்த நாளெல்லாம் அவள் பேரில் வரி தவறாமல் போய் விழுந்திருந்தது. தடை ஏதுமில்லை. ஒவ்வொன்றின் கீழும் கட்டைவிரல்.

அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை. செய்து வைத்தவள் அவள்தானே.

மத்தியானம் டேனியல் கூப்பிட்டார். தாத்தா காலத்தில் ரயில்வே பணிமனை வேலைக்கு இங்கே வந்த தமிழ்க் குடும்பம். அவர் தமிழில் ஹைதராபாத் முழுக்க இருக்கும். அவள் ஹலோ சொன்னதுதான் தாமதம்.

"என்னம்மா, தொண்டை இப்படிக் கட்டிக் கெடக்கு? காய்ச்சலா?"

"ஆமாங்க சார். கொஞ்சம்."

"அப்ப இன்னைக்கு ஒண்ணும் கேக்கல, விடு. கஞ்சி கிஞ்சி குடிச்சியா? ஆனா முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் வந்து கம்ப்ளெயிண்ட் நக்கோ, பண்ணக் கூடாது. ஏசி ரூமெல்லாம் கெடையாது. மிஷின் பக்கத்துலதான் உன் சீட்டு. நாள் பூரா சத்தம். இது ஏன் நிக்குது, அது ஏன் நிக்குதுன்னு ஆளாளுக்கு வந்து உன் உசுர வாங்குவானுங்க."

"வாங்கட்டுங்க சார்," என்றாள். "நான் வர்றேன்."

சாயங்காலம் விஸ்வநாத்துக்கு ராஜினாமாவை அனுப்பினாள். அவர் நிஜமாகவே திகைத்துப்போய்ப் பதில் எழுதியிருந்தார்: இன்று காலைகூடத் தடை ஏதுமில்லை என்றுதானே போட்டிருந்தாய்?

அவளும் அதன் கீழே ஒரு கட்டைவிரலை வைத்துவிட்டு, கஞ்சி காய்ச்ச எழுந்தாள்.