சூசையப்பர் பந்தி

சூசையப்பர் திருநாளன்று காலை பத்து மணிக்கு, கஸ்பாரே நிலைக்கண்ணாடி முன்னால் நின்று ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டே பஞ்சுத் தாடியைக் காதுகளில் மாட்டிப் பார்த்தார். பழுப்பு அங்கி தொப்பையில் பிடித்தது. அவர் மனைவி சந்தினா வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி மண்டியிட்டு, தரையில் புரண்ட ஓரத்தை மடித்துக் குத்திக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா இல்லாத பாசம், பெரியவருக்கு இப்ப எங்கேருந்துங்க வந்துச்சு?"

"சூசையப்பர் வேஷம் சும்மாவா? தகுதியப் பாத்துக் குடுத்திருக்காரு."

"ஜன்னல் திரை விஷயம் அவரு காதுக்குப் போயிருக்கும்."

"நீ ஊசியப் பாரு. கால்ல குத்திடாத."

கேன்சஸ் சிட்டியில் இத்தாலியர்கள் வாழும் வடக்குப் பகுதியில் பெரியவர் என்றால் நுன்சியோ, சின்னவர் என்றால் கஸ்பாரே. பெரியவர் நினைப்பதைச் செய்து முடிப்பது சின்னவரின் வேலை. செய்தது கெட்டுப்போனால், நினைத்ததும் தான்தான் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்வதும் அவர் வேலை. அந்த வகையில் இரண்டு முறை சிறைக்குப் போய் வந்திருந்தார். மற்றபடி இருபத்துமூன்று ஆண்டுகளாக அவர் செய்தது, பெரியவர் சாவதற்காக மரியாதையோடு காத்திருந்தது. பெரியவருக்கு எழுபத்தொன்பது வயது. சர்க்கரை, இதயம், சிறுநீரகம் எல்லாம் கெட்டிருந்தன. ஆள் மட்டும் கெடவில்லை.

ஜனவரியில் அவர் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே, கஸ்பாரே காய்கறிச் சந்தைக்குப் பின்னால் இருந்த பெரியவரின் அறைக்குப் போய், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு இஞ்ச் டேப்பை எடுத்து ஜன்னலை அளந்தார். "இந்தப் பழுப்புத் திரைய மொத நாளே கழட்டிடணும்" என்று கத்தரிக்காய்க் கூடைகளுக்கு நடுவே நின்றவர்களிடம் சொன்னார். நாலாம் நாள் பெரியவர் நடந்தே திரும்பி வந்தார்.

இந்தத் தொழிலுக்குக் கஸ்பாரே சொந்தமாகச் சேர்த்ததில் பெருமைப்பட்டது ஒன்று. ஒருவன் கதையை முடிப்பதற்கு முன், அவனை உயரத்தில் தூக்கி வைக்க வேண்டும். "சந்தோஷமா இருக்கறவன் பின்னாடி திரும்பிப் பாக்க மாட்டான்" என்பது அவர் விளக்கம். பெப்பே மரூலோவைக் கொலம்பஸ் நாள் ஊர்வலத்தில் திறந்த காரில் முதலாவதாக உட்கார வைத்தார்கள். நாலாம் நாள் விமான நிலையத்தில், அவனுடைய காரின் டிக்கியில் மடங்கிக் கிடந்தான். இன்னொருவனைப் பெரியவரின் பேரனுக்கு ஞானத்தந்தையாக்கினார்கள். இதெல்லாம் கஸ்பாரேக்கு மறந்துவிடவில்லை. ஆனால் அது மற்றவர்களுக்குச் செய்தது. தனக்குக் கிடைத்திருப்பது தகுதிக்கு.

தேவாலயத்தின் பங்குக் கூடத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். மூன்று படிகளாக அடுக்கிய மேசையில் ஏணி வடிவ ரொட்டி, ரம்ப வடிவ ரொட்டி, வறுத்த மீன், அத்திப்பழ பிஸ்கட், தச்சரான புனிதரின் மரத்தூளைப் போல ரொட்டித்தூள் தூவிய பாஸ்தா என்று அறுபத்துநாலு பண்டங்கள். ஒவ்வொன்றையும் சூசையப்பர் வேஷக்காரர் ருசி பார்த்து, கூடம் "வாழ்க சூசையப்பர்" சொல்லி முடிக்கும்வரை வேறு யாரும் எதையும் தொடக்கூடாது. போன வருஷம் ஒரு பிஸ்கட்டுக்குக் கை நீட்டியவனைப் பெரியவரே எல்லார் முன்னிலையிலும் அறைந்திருந்தார்.

முதலில் பெரியவர் வந்து கஸ்பாரேயின் கையை முத்தமிட்டார். கஸ்பாரே தாடியை நிமிர்த்திக்கொண்டார். அடுத்து ஒவ்வொருவராக வந்தார்கள். பெப்பேயின் விதவை ரொசாலியாவும் வரிசையில் வந்தாள்.

"முகம் நல்லாக் களையா இருக்கு அண்ணே" என்றாள். "எங்க வீட்டுக்காரரும் அந்த வாரம் இப்படித்தான் இருந்தாரு. சவரம் பண்றப்பகூடப் பாட்டு. கார்ல உக்காந்து கை காட்டினத அடுப்படியில வந்து அஞ்சு தடவ நடிச்சுக் காட்டினாரு."

கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு, கையை முத்தமிட்டு நகர்ந்தாள்.

கஸ்பாரே காலையில் முனகிய பாட்டு என்னவென்று யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் பெரியவரின் தங்கை மகன் ருஜேரோ காதருகே குனிந்தான். சிறையிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"பந்தி முடிஞ்சதும் நானே வண்டியில கொண்டு போய் விட்டுர்றேன் மாமா. அத்தை நம்ம வீட்டுப் பொம்பளைங்களோட வரட்டும்."

கடைசிச் சவாரிக்கு ஆளைக் கூப்பிடும் அந்த வாக்கியம் கஸ்பாரேக்கு மனப்பாடம். மனைவியைத் தனியாக அனுப்பும் பகுதி அவரே சேர்த்தது.

கூட்டத்தில் சந்தினாவைத் தேடினார். கழுத்துப்பட்டையில் இன்னும் இரண்டு குண்டூசிகள் குத்தியிருக்க, அவள் பண்டங்களைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே போக ஒரே வாசல். அங்கே போய் ருஜேரோ சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு நின்றான்.

கஸ்பாரே ஒரு ஆலிவ் காயை எடுத்து வாயில் போட்டு மென்றார். கொட்டையைத் துப்பி, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தலையசைத்தார்.

"வாழ்க சூசையப்பர்" என்றது கூடம்.

ஒரு மணி நேரத்தில் பதினோரு பண்டங்கள் ஆகியிருந்தன. மீனில் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரத்தில் வரிசையாக வைத்தார். "வாழ்க" கோஷத்தில் சுருதி இறங்கிவிட்டது. சாமியார் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ, "இவருக்கு பல்லு இருக்கா இல்லையா?" என்று கேட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் இடி வாங்கினார்.

அப்போதுதான் கஸ்பாரே பெரியவரைக் கவனித்தார். எதிரே உட்கார்ந்திருந்தவரின் நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது. மேசை விரிப்பின்மேல் விரல்கள் நடுங்கின. எப்போதும்போலப் பன்னிரண்டு மணிக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்திருப்பார். இப்போது மணி ஒன்றரை; ஊசிக்குப் பிறகு ஒரு வாய் உள்ளே போகவில்லை. அவர் கைக்கு எட்டும் தூரத்தில் அத்திப்பழ பிஸ்கட் மலையாகக் குவிந்திருந்தது. முந்நூறு பேர் அவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கஸ்பாரே" என்றார் பெரியவர், உதடு அசையாமல். "சீக்கிரம் முடிப்பா."

"புனிதர் காரியம் பெரியவரே. அவசரப்படக் கூடாது."

இருபத்துமூன்று ஆண்டுகளில் அவருக்கு நன்றாகப் பழகிப்போன வேலை காத்திருப்பது ஒன்றுதான்.

வாசலில் சாவிச் சத்தம் நின்றுவிட்டது. கஸ்பாரே தாடியைச் சரிசெய்துகொண்டு, அடுத்த தட்டிலிருந்த ஆர்ட்டிசோக்கைத் தன் பக்கம் இழுத்தார். தாமரை மொட்டைப்போல இதழ்மேல் இதழாக மூடிக் கிடந்தது. முதல் இதழை மெல்லப் பிய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.