நாற்காலியின் கை

ஹெட்விக் லாங்கே காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றதுகூட இர்ம்கார்டுக்குச் சந்தேகமாகப் பட்டது. அவள் கணவர் ஓட்மார் ஹோல்செலும் அப்படித்தான் குடிப்பார்.

அவர் இறந்து ஏழு மாதமாகிறது. அவருடைய வரைபடங்களை ஓர் அருங்காட்சியகம் கேட்டிருக்கிறது என்று ஸ்டுட்கார்ட் செய்தித்தாளில் வந்த மறுநாளே இந்தப் பெண்ணின் கடிதம் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில் ஓட்மாரின் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தாளாம். அவரைப்போலவே டெஸ்ஸாவில் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் படித்தவளாம். ஒரே ஒரு படத்தைப் பார்த்தால் போதுமாம். எதற்கு என்று எழுதவில்லை.

இர்ம்கார்ட் நாற்காலிப் படத்தை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, மற்ற தாள்கள் இருந்த உறையின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். வளைந்த இரும்புக் குழாய், பிரம்பு இருக்கை, கொஞ்சம் உயர்ந்த கை. ஹெட்விக் அந்தக் கையின் அருகே எழுதியிருந்த அளவை விரலால் தொட்டாள்.

"எங்கம்மாவுக்கு ஊன்றி எழுந்திரிக்க இந்த உயரம்தான் தோதா இருந்துச்சு."

"அது எனக்காக வரைஞ்சது. என் இடுப்பு வலிக்காக. அவரே சொல்லியிருக்கார்."

ஹெட்விக்கின் விரல் அந்த அளவின் மேலேயே இருந்தது. அது இர்ம்கார்டை இன்னும் சீண்டியது.

"நீங்க அங்க நெசவுதானே படிச்சீங்க, ஃப்ராவ் லாங்கே? நாற்காலிய நெய்ய முடியுமா என்ன?"

"பொண்ணுங்கள நெசவுக்குத்தான் அனுப்புனாங்க. நாற்காலி நானா கத்துக்கிட்டது."

"உங்களுக்கும் அவருக்கும் என்ன இருந்துச்சு?"

"சண்டை. பெரும்பாலும் குழாயோட கனத்தைப் பத்தி." ஹெட்விக் கோப்பையைக் கீழே வைத்தாள். "படம் என் பேர்ல போனா பட்டறைக்காரங்க எடுத்துக்க மாட்டாங்க, பிறகு மாத்திக்கலாம்னார். நானும் சரின்னுட்டேன்."

அவள் எதையும் கேட்காமல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். எதையும் கேட்காததுதான் இர்ம்கார்டை உறுத்தியது. இவள் பொய்க்காரி என்று நிரூபித்தே தீருவதென்று தாளை எடுத்துச் சன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். டிரேசிங் தாளில் மையை அழிக்க வேண்டுமானால் பிளேடால் சுரண்டத்தான் வேண்டும். ஓட்மாரின் கையெழுத்து இருந்த மூலையில் தாள் மெலிந்திருந்தது. பேனா முள் அழுத்திய தடம் மட்டும் போகவில்லை: ஹெ. லா.

முதலில் வந்தது கோபம். அந்தப் பெண்மேல்தான். பிறகு உறையைப் பிரித்து மற்ற தாள்களையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தாள். மேசை, அலமாரி, பள்ளிக்கூடத்து மாடிப்படி. நாற்காலியோடு சேர்த்துப் பதினொன்றில் மூலை சுரண்டப்பட்டிருந்தது. இருபத்தாறு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்ட மனிதர், இந்த வேலையை எந்த மேசையில் உட்கார்ந்து செய்தார் என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அருங்காட்சியகத்துக்காரர் வந்தபோது பதினொரு தாள்களும் சன்னல் முழுக்க ஒட்டப்பட்டிருந்தன.

"இப்படி வெயில்ல ஒட்டலாமா, ஃப்ராவ் ஹோல்செல்? தாள் கெட்டுடுமே" என்றார் அவர்.

"மூலையைப் பாருங்க" என்றாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு தாளிலும் ஓட்மாரின் பெயருக்குப் பின்னாலிருந்து வெயில் கசிந்துகொண்டிருந்தது.