மாப்பிள்ளைக்கு ஊதாத விசில்

விசில் வாயில்தான் இருந்தது. இடது இறக்கை நுனிக்கு நேர் கீழே, விமானம் நகர நகர நடையைக் கூட்டியும் குறைத்தும் வந்துகொண்டிருந்தார் பெரியவர். விமானத்தை இழுத்துப்போகும் இழுவை வண்டியை ஓட்டுகிறவருக்கு முன்சக்கரமும் தரையில் போட்ட மஞ்சள் கோடும்தான் கண்ணுக்குத் தெரியும். இறக்கை எதில் போய் இடிக்கும் என்பதைப் பார்க்கத்தான் பக்கத்துக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு விசில். இருபத்தாறு வருடத்தில் அவர் நடந்த பக்கம் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தப் பெயரை அவர் சலவைச் சட்டை மாதிரி கசங்காமல் வைத்திருந்தார்.

முன்பு வண்டி ஓட்டியவர்களை விசிலடித்து நிறுத்துவார், திட்டவும் செய்வார். இரண்டு வாரமாக ஓட்டுவது மாப்பிள்ளை. மகளைக் கட்டிக்கொடுத்து ஆறு மாதம்தான் ஆகிறது. வாசலில் அவர் தலை தெரிந்தாலே பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுவார். அப்பேர்ப்பட்டவரை நாலு பேர் பார்க்க, ஆடு மாட்டை நிறுத்துகிற மாதிரி விசிலடிப்பதா? பெரியவர் கையைத்தான் உயர்த்தினார். மாப்பிள்ளையும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்து நிறுத்தினார்.

அன்று மத்தியானம் விமானம் நிறுத்தும் ஹேங்கர் கொட்டகைக் கதவின் இடது பலகையை முழுதாகத் தள்ளியிருக்கவில்லை. இரண்டு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் பார்த்துவிட்டார். கையை உயர்த்தினார். மாப்பிள்ளையின் முகம் வலது பக்கம் இருந்தது. கையை ஆட்டினார். ஊத ஒரு மூச்சு போதும். மூச்சை இழுத்தார். விடவில்லை.

டப்பென்று சின்னச் சத்தம்தான். இறக்கை நுனி விளக்கின் கண்ணாடியில் மயிரிழை போல ஒரு விரிசல்.

மாப்பிள்ளை குதித்து ஓடி வந்தார். "மாமா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" விரிசலைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஊதினீங்க, வண்டிச் சத்தத்துல எனக்குக் கேக்கலை. அப்படியே சொல்லிடறேன். நான் திட்டு வாங்கிக்கிறேன். உங்க பேரு கெடக் கூடாது."

அந்த வார்த்தை ஒரு நிமிஷம் இனித்தது. இனித்ததுதான் அவருக்கு உறைத்தது.

சூப்பர்வைசர் அம்மா வந்து விரலால் விரிசலைத் தடவினார். "ஊதினீங்களா?"

"ஊதினார் மேடம், எனக்குத்தான்..."

"மாப்பிள்ளை, கொஞ்சம் சும்மா இருங்க." பெரியவர் அவரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "ஊதலைம்மா. கையைக் காட்டினேன். வீட்டு மாப்பிள்ளையைப் பார்த்து விசிலடிக்க மனசு வரலை."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. "இந்த விளக்கு அணைஞ்சு போய் ஆகாசத்துல இன்னொரு விமானம் இதைப் பார்க்காம வந்தா, உங்க மரியாதை குறுக்க நின்னு தடுக்குமா? நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் வெறும் வண்டியோட வெளியில வாங்க. நீங்க ஊதணும், அவர் நிக்கணும். அம்பது தடவை. அதுவரைக்கும் விமானத்துப் பக்கமே வராதீங்க."

சாயங்காலம் மகள் போன் செய்தாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று விறைத்து உட்கார்ந்திருந்தார்.

"நல்லா பலமா ஊதுங்கப்பா. பக்கத்துல நின்னு நான் கத்தினாலே அவருக்குக் கேக்காது."

காலையில் வேடிக்கை பார்க்க டீ டம்ளரோடு ஒரு கூட்டமே நின்றது. வண்டி வந்தது. பெரியவர் ஊதினார். காற்றுதான் வந்தது.

"விசில் கேட்டா பெருமூச்சு விடறாரே பெரியவர்!"

குறியாக வைத்திருந்த கூம்பைச் சாய்த்துக்கொண்டு போய் வண்டி நின்றது. மாப்பிள்ளை இறங்கி, கூம்பை நிமிர்த்தி வைத்துவிட்டு, வண்டியைப் பின்னால் எடுத்துப் போனார். பக்கக் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுத் திருப்பினார், பின்னால் நின்ற மாமனாரின் முகம் அதில் முழுசாக விழும்வரை. பிறகு மெல்லக் கிளப்பினார்.

பெரியவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கூம்புக்கு இன்னும் இரண்டடி இருந்தது. ஊதினார்.

டம்ளர்கள் பாதி வழியில் நின்றன. வண்டியும் நின்றது. கண்ணாடிக்குள் மாப்பிள்ளையின் இரண்டு கைகளும் மேலே எழுந்தன. சரி என்று காட்டுகிறாரா, கும்பிடுகிறாரா, வெயிலில் பெரியவருக்குச் சரியாகத் தெரியவில்லை.