உபுமேயின் அழுகை

அலுவலகத்தில் அவளுக்கு மைக்கு என்றுதான் பெயர். கதவு கிறீச்சிட்டாலும் பதிவு செய்வாள், செருப்பு தேய்ந்தாலும் பதிவு செய்வாள். வீடியோ கேமுக்கு ஒலி சேர்க்கிறவளுக்கு இதெல்லாம் வேண்டும்தான். ஆனாலும் எதைப் பதிவு செய்வது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா?

புது விளையாட்டில் உபுமே என்றொரு பேய். ஜப்பானியக் கதைகளில் வருகிறவள், பிரசவத்தில் செத்துப்போனவள். தெருமுனையில் அழுதுகொண்டு நின்று, வருகிறவனிடம் குழந்தையை நீட்டுவாள். மறுத்து ஓடினால் தொலைந்தான். வாங்கினால் குழந்தை கல்லாய்க் கனக்கும். ஒரு நிமிடம் பொத்தானை விடாமல் அழுத்திக் குழந்தையைத் தாங்கினால் பேய் விலகிவிடும். அலுவலகத்தில் ஒருவனும் பயத்தில் அதுவரை தாங்கியதில்லை.

நடிகை வந்து குரல் கொடுக்கும்வரை ஒப்புக்கு ஒரு சத்தத்தைப் போட்டுவைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். மைக்கு தன் பழைய பதிவுகளைத் துழாவி ஓர் அழுகையை எடுத்து, கொஞ்சம் எதிரொலி சேர்த்து, 'தற்காலிகம்' என்று பெயர் வைத்தாள். கேட்ட இயக்குநருக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது.

"இத மாத்தினா உன்னையும் மாத்திடுவேன்" என்றார்.

பாராட்டு யாருக்குக் கசக்கும்? வாயை மூடிக்கொண்டாள்.

அது அவளுடைய அண்ணியின் அழுகை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏழாம் மாதத்தில் பிள்ளையைப் பறிகொடுத்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் அழுதது. மைக்கு பக்கத்து அறையில் மழைச் சத்தம் பதிவு செய்துகொண்டிருந்தாள். சுவரைத் தாண்டி அழுகை வந்து விழுந்தது. அவள் கருவியை நிறுத்தவில்லை.

வெளியீட்டுக்கு முன்னால் ஒரு மதியம், வீட்டு ஆட்களை அழைத்து விளையாட வைத்தார்கள். அண்ணன் மட்டும் வருவான் என்று மைக்கு நினைத்திருந்தாள். அண்ணியும் வந்து நின்றாள். இந்த வேலைக்கு அப்பாவிடம் சண்டை போட்டு அனுப்பி வைத்தவளே அண்ணிதான். அந்த வீட்டில் மைக்குக்கென்று பேச வேறு நாதி கிடையாது.

"வேணாம் அண்ணி, ரொம்பப் பயமா இருக்கும்."

"உங்க அண்ணனையே கட்டி மேய்க்கிறேன், இந்தப் பேய் என்ன பண்ணிடும்?" என்று சிரித்தபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள் அண்ணி.

தெருமுனை வந்தது. உபுமே திரும்பினாள். அண்ணியின் சிரிப்பு அப்படியே நின்றது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக மைக்கு மூச்சுவிடாமல் நின்றாள்.

அண்ணி ஓடவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டாள். பொத்தானில் வைத்த கட்டைவிரல் வெளுத்தது, அவள் விடவில்லை. ஒரு நிமிடம் முடிந்ததும் உபுமே தலைகுனிந்து மறைந்தாள். பின்னால் நின்ற கூட்டம் கைதட்டியது.

அண்ணி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே மாடிப்படிக்கு நடந்தாள். மைக்கு பின்னாலேயே ஓடினாள்.

"அது நான்தானே?"

"மாத்திடறேன் அண்ணி. இன்னிக்கே எடுத்திடறேன்."

"வீட்ல யாருமில்லன்னு நெனச்சுத்தான் அன்னிக்கு வாய்விட்டு அழுதேன்" என்றாள் அண்ணி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "எவ்வளவு நேரம் பதிவு பண்ணின?"

பொய் சொல்ல மைக்குக்கு நாக்கு எழவில்லை.

"நாப்பது நிமிஷம்."

"நாப்பது நிமிஷம் கேட்டுட்டு இருந்திருக்க. ஒரு தடவகூட கதவத் தட்டணும்னு தோணலையா உனக்கு?"