கேம்பிரிட்ஜ் வாசலில் கழற்றிய பூட்ஸ்

நாசரேத்து ஜேசுபாதம் வாத்தியாரின் மூத்த மகன் தேவபிரசாதத்துக்குச் சிறுவயதிலிருந்தே உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் உப்புப் பூத்தது. வியர்வை காய்ந்து படியும் வெள்ளைத் திட்டு அல்ல. ரசத்துக்குப் போடலாம் என்கிற தரத்தில் நல்ல கல்லுப்பு. பங்குனி சித்திரையில் விளைச்சல் கூடும், ஐப்பசி மழையில் குறையும். ஆஸ்பத்திரியில் காட்டியதற்கு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். ஊரும் அதற்கு மேல் விசாரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் பெருக்குகிறவர் அவன் நின்ற இடத்தை மட்டும் தனியாகப் பெருக்கி அள்ளிக்கொண்டு போவார். அவர் வீட்டில் உப்பு வாங்கியதே இல்லை.

இதனால் வந்த நஷ்டம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய நஷ்டம். பள்ளி இறுதிப் பரீட்சையில் தேவபிரசாதம் எழுதிய பதில்களெல்லாம் கை உப்பில் கசிந்து ஓடி, திருத்தியவர் கண்ணுக்கு நீலக்குளமாகத் தெரிந்தன. மறுவருஷம் கையில் துணி சுற்றிக்கொண்டு எழுதினான். அந்தக் கையெழுத்தை எழுதியவனாலேயே வாசிக்க முடியவில்லை. பி.ஏ. எழுதித் தோற்றவர்கூடத் தோற்றதை அடைப்புக்குறிக்குள் போட்டுப் பெயர்ப்பலகை மாட்டுகிற குடும்பம் அது. தேவபிரசாதத்துக்கு அடைப்புக்குறிக்குள் போடக்கூட ஒன்றும் வாய்க்கவில்லை. ஆனால் பெஞ்சை வெள்ளையாக்கிய குற்றத்துக்காகத் தலைமையாசிரியர் அறையில் அடிக்கடி நின்றதில் ஒரு லாபம் இருந்தது. வெள்ளைக்காரத் தலைமையாசிரியர் தாம் படித்த கேம்பிரிட்ஜ் கல்லூரியின் படத்தைச் சுவரில் மாட்டியிருந்தார். கல்கட்டடம், கோபுரம், பச்சைப் புல், பக்கத்தில் ஓர் ஆறு. பிரம்படி வாங்கும்போதெல்லாம் பையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அந்த வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்துவிட வேண்டும் என்ற ஆசை அப்போது பிடித்தது. நாற்பது வருஷமாகியும் விடவில்லை.

தூத்துக்குடியில் மாமாவின் உப்பளத்தில் கணக்கெழுத வந்த தேவபிரசாதம், கணக்கு நோட்டு நனைந்ததால் பாத்திக்குள் இறக்கிவிடப்பட்டார். அவர் நடந்த பாத்தியில் மற்ற பாத்திகளுக்கு முன்னால் உப்பு இறங்கியது. சில வருஷங்களில் சொந்த அளம், பிறகு சொந்தத் தோணி, எழுபத்து நாலில் புதுத் துறைமுகம் திறந்தபோது பந்தலில் முன்வரிசை நாற்காலி. "சொந்தக் கால்ல நின்னு முன்னேறினவன்னா அது நான்தாம்ல" என்று தம்மைத் தாமே கேலி செய்துகொண்டு அவர் எழுந்து போன பிறகு, நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவர் உட்கார முடிந்தது.

ஆங்கில டீச்சரான அவர் மனைவி கிருபாபாயின் தம்பி சுந்தர்சிங் எம்.ஏ., கல்லூரிப் பேராசிரியர். அத்தான் கேம்பிரிட்ஜ் பார்க்கக் கிளம்புகிறார் என்று கேட்டதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அங்க போயி என்ன அத்தான் செய்யப் போறிய?"

"வாசலைத் தாண்டி நாலு எட்டு நடந்துட்டு வந்திருவேன் மாப்ளே. ஃபெயிலானவன் காலேஜைப் பாக்கப்பிடாதுன்னு சட்டமா இருக்கு?"

எழுபத்தொன்பது ஜனவரியில் கணவனும் மனைவியும் லண்டனில் இறங்கினார்கள். அந்த மாதம் அங்கே லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம். சாலையில் உறைந்த பனிமேல் தூவ வேண்டிய உப்பு வந்து சேரவில்லை. ஜனங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தேவபிரசாதம் இரண்டு ஜோடி சாக்ஸும் முழங்கால் பூட்ஸும் மாட்டியிருந்தார். சாயங்காலம் அறைக்கு வந்ததும் அதைக் கவிழ்த்து உப்பைக் கொட்டுவது கிருபாபாயின் வேலை.

கேம்பிரிட்ஜில் கல்லூரி படத்தில் இருந்தபடியே இருந்தது, புல் மட்டும் வெள்ளை. வாசலில் கறுப்புத் தொப்பி வைத்த காவலாளி மரியாதையாகக் கையை நீட்டி மறித்தார். உள்ளே முற்றமெல்லாம் கண்ணாடியாக உறைந்திருக்கிறது, நேற்று ஒரு பேராசிரியர் வழுக்கி விழுந்தார், தூவ உப்பில்லை, ஆகவே இன்று வெளியாட்களுக்கு அனுமதியில்லை என்றார். கிருபாபாய் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள். தேவபிரசாதத்துக்குச் சிரிப்பு வந்தது.

"பாத்தியாளா. உப்பில்லன்னு உப்பு யாவாரியைத் திருப்பி அனுப்புதாவ. எம் படிப்பு வேற எப்படி முடியும்?"

திரும்பும் முன் ஒரு ஜெபமாவது செய்யலாம் என்று தோன்றியது. உள்ளே கோபுரத்தில் மணி அடித்தது. பார்க்கக் கோயில் மாதிரியே இருந்தது. நாசரேத்துக்காரன் கோயில் வாசலில் காலில் செருப்போடு நிற்கமாட்டான். கிருபாபாய் தடுப்பதற்குள் அவர் பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு பனியில் நின்று கண்ணை மூடினார்.

கண்ணைத் திறந்தபோது அவர் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் இரண்டு முழத்துக்குப் பனி கரைந்து கருங்கல் தளம் தெரிந்தது. காவலாளி குனிந்து பார்த்தார், விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, ஐயாவுக்குச் சிரமமில்லை என்றால் நூலகம் வரைக்கும் நடக்க முடியுமா என்று கேட்டார்.

தேவபிரசாதம் வாசலைத் தாண்டினார். நூலகத்துக்கு நடந்தார், அங்கிருந்து சாப்பாட்டுக்கூடத்துக்கு, பிறகு படிக்கட்டு படிக்கட்டாக. அறைகளில் அடைந்து கிடந்த பேராசிரியர்கள் கறுப்பு அங்கியோடு இறங்கி வந்து, ஒருவர் பின் ஒருவராக அவர் அடிச்சுவட்டிலேயே வந்தார்கள். "கால் விறைச்சுப் போவும், போதுங்க" என்றாள் கிருபாபாய். "சும்மா இரி ஏளா. உள்ள விட்டிருக்காவ" என்றார் அவர். பின்னால் வந்த ஒரு கிழவர், எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்று விசாரித்தார். பள்ளிக்கூடத்திலேயே இரண்டு தடவை ஃபெயில் என்று தேவபிரசாதம் உள்ளதைச் சொன்னார். அதற்குக் கிழவர், கொஞ்சம் மெதுவாக நடக்க முடியுமா, உங்கள் வேகத்துக்கு என்னால் வர முடியவில்லை என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அன்று கேம்பிரிட்ஜிலேயே அறை எடுத்துத் தங்கினார்கள், இருட்டிய பிறகு மறுபடி பனி கொட்டியது. காலையில் கிருபாபாய் அவர் காலை வெந்நீரில் வைத்துத் தேய்த்துவிட்டுத்தான் அனுப்பினாள். அவர் போய்ச் சேர்ந்தபோது வாசலுக்குள் பேராசிரியர்கள் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வரிசையில் காத்திருந்தார்கள். காவலாளி வரவேற்கவில்லை, வியக்கவும் இல்லை. கோபுரக் கடிகாரத்தைக் காட்டி, வகுப்பு நேரம் தாண்டிவிட்டது, இப்படித் தாமதமாக வந்தால் எப்படி என்று எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார்.

ஐம்பத்துநாலு வயது மனிதருக்குக் கண் நிறைந்துவிட்டது. கேம்பிரிட்ஜில் தாமதமாக வந்ததற்குத் திட்டு வாங்கியவன் எங்கள் வம்சத்திலேயே நான் ஒருத்தன்தான் என்று பின்னாளில் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அப்போது அவருக்கு வாயில் வந்தது "ஸாரி சார்" என்பது மட்டும்தான். சொல்லிவிட்டு அவசர அவசரமாகப் பூட்ஸைக் கழற்றினார். அந்தக் குளிர்காலம் முடிகிறவரை அவர் பிறகு ஒருநாளும் தாமதமாகப் போகவில்லை.