லீவுக்குப் பதில் ஒரு வகுப்பு

சத்யப்பிரியா கேட்டது ஐந்து நாள் லீவு. கிடைத்தது மன அமைதி வகுப்பு, அதுவும் அவளுடைய வார விடுமுறையில். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஒரகடம் பக்கம் ஆம்புலன்சில் ஆறு வருஷமாக முதலுதவி பார்க்கிறவள். போன செவ்வாய்க்கிழமை கம்பெனி பஸ்சும் லாரியும் மோதியதில், யூனிபார்மோடு ஒரு பெண்ணை ஏற்றினார்கள். நெஞ்சை முப்பது தடவை அழுத்து, இரண்டு மூச்சு கொடு, மறுபடி முப்பது. பெண் போய்விட்டாள் என்று தெரிந்தும், ஆஸ்பத்திரி வாசல் வந்தும் இவள் நிறுத்தவில்லை. வண்டி ஓட்டும் சாம்சன்தான், "விடும்மா, போதும்" என்று கையைப் பிடித்து எடுத்தார்.

அன்றிலிருந்து வலது கை நடுங்குகிறது. வியாழக்கிழமை ஒரு பெரியவருக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்திவிட்டாள். அடுத்த ஆள் தன் கையாலேயே போய்விடுவாரோ என்று பயம். மேற்பார்வையாளர் நரசிம்மனிடம் அதை அப்படியே சொன்னாள்.

"மாத்து ஆளு கெடையாதும்மா. கிளாஸுக்குப் போய்ட்டு வா, சரியாப் பூடும்."

தண்டலத்தில் ஒரு கல்லூரி ஹால். கண்ணை மூடி, பத்து வரை மூச்சை எண்ணச் சொன்னார் பயிற்சியாளர். சத்யப்பிரியா முப்பதில்தான் நின்றாள். கண் திறந்தால், இரண்டு கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக மேசையை அழுத்திக்கொண்டிருந்தன. பக்கத்து நாற்காலியில் வகுப்புக்கு வந்திருந்த சாம்சன் மட்டும் பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். பயிற்சியாளர் திரையில் கடற்கரைப் படம் காட்டிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முடிவில் ஒரு படிவம். 'மன அழுத்தம் குறைந்ததா?' இல்லை என்று டிக் அடித்து, ஆபீசுக்குப் போய் நரசிம்மனிடம் நீட்டினாள்.

"எல்லாரும் ஆமான்னு போட்டுகிறாங்க. நீ ஒருத்தி இல்லன்னா நான் மேல இன்னா பதில் சொல்றது? வேற ஃபார்ம் தரேன், மாத்திக் குடு. காலைல ஷிப்ட் கீது உனக்கு."

சண்டை போடத் தெம்பில்லை. 'ஆம்' என்று போட்டுக் கையெழுத்திட்டாள். நரசிம்மன் அதைப் போன மாத வருகைப் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கோழி கிளறுனாப்பல? இதுல கீற மாதிரி இல்லியே. ஒழுங்காப் போடு."

மறுபடி போட்டாள். எழுத்து கோட்டைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனது.

"வரல சார். காலைல இந்தக் கைதான் ஊசி போடப் போவுது."

நரசிம்மன் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேசை டிராயரைத் திறந்து மைப்பெட்டியை எடுத்து வைத்தார்.

"அப்ப கைநாட்டு வெச்சிடு."